மிஸ்டர் என்னங்க

படிவம் நிரப்புவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். விசா, கிரீன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு என்று அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். சிலருக்கு அவர்கள் கேட்காமலே நிரப்பியிருக்கிறேன். போதாக்குறைக்கு என் வேலையும் அதையொட்டியதுதான். ஒரு மருந்துக் கம்பெனியின் பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகியிருந்தாலோ, இரண்டு பேர் ஒரே ஆளாகக் கலந்துபோயிருந்தாலோ கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அதற்காக எனக்குக் கண்ணாடியில் செய்த விருதுகூடக் கொடுத்திருக்கிறார்கள். (இப்போது அதில் டூத் பிரஷ் சாய்த்து வைத்திருக்கிறோம்.)

அப்படிப்பட்ட நான் ஒரு படிவத்தை நிரப்பினேன். அதன் பலனாக, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வசந்த காலத்தில், பூட்டானுக்குப் பறவை பார்க்கப் போன எட்டுப் பேர் குழுவில், என் சொந்த மனைவியைத் தொந்தரவு செய்யும் மர்ம ஆசாமியாக அரை நாள் வாழ்ந்தேன்.

முதலில் சுதாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி. கரூர்க்காரி. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்திரண்டு வருடம் முடிந்திருந்தது. ஒரே மகள் நிலா கல்லூரிக்குப் போய்விட்டாள். சுதா ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரடங்கு நாட்களில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, பின்பக்கத்து மரத்தளமான டெக்கில் குருவிகளுக்குத் தீனி வைக்கும் ஒரு கூண்டை வாங்கி மாட்டினாள். நாலு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். நாலு மாதத்தில் வீட்டில் மூன்று பறவைப் புத்தகங்கள், ஒரு பைனாகுலர், ஒரு கறுப்பு அட்டை நோட்டுப் புத்தகம் எல்லாம் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை விடியற்காலையில் தானே காரை எடுத்துக்கொண்டு சதுப்பு நிலங்களுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரே ஒரு முறை என்னையும் அழைத்துப் போனாள். நான் அங்கே நின்றபடி சென்னையில் இருக்கும் என் தம்பியிடம் போனில் கொஞ்சம் பேசினேன். (கொஞ்சம் சத்தமாக.) அடுத்த சனிக்கிழமையிலிருந்து எனக்கு அழைப்பு இல்லை.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் ஒரு படத்தை ஒட்டி வைத்திருந்தாள். ஐபிஸ்பில் என்று ஒரு பறவை. இமயமலை ஆறுகளில் கூழாங்கற்களுக்கு நடுவே வாழ்வது. சாம்பல் உடம்பு, கறுத்த முகம், அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பு அலகு. அது அசையாமல் நின்றால் பக்கத்தில் இருக்கும் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. உலகத்தில் எத்தனையோ வண்ணப் பறவைகள் இருக்க, போயும் போயும் இதற்கு ஏன் இவ்வளவு ஆசை என்று ஒருநாள் கேட்டேன். அவள் பால் பாட்டிலை உள்ளே வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அது பாட்டுக்கு அங்கயேதான் நிக்குது. எல்லாரும் கல்லுன்னு நெனச்சுட்டுத் தாண்டிப் போயிடறாங்க. அத ஒரு தடவ நேர்ல பாத்துடணும்."

அப்போது எனக்கு அது பறவையைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்டது. எங்கள் ஊர்த் தமிழ் நண்பர்களின் வாட்ஸப் குழுவில், பொங்கல் விருந்துக்கு யார் என்ன கொண்டு வருவது என்ற பட்டியலில், அத்தனை வருடங்களாக 'முரளி வொய்ஃப் - சாம்பார் சாதம்' என்றுதான் இருந்தது என்பதை நான் கவனித்ததில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான்.

அந்தப் பறவைக்காகத்தான் அவள் பூட்டான் பயணத்தைக் கண்டுபிடித்தாள். சிறிய குழு, உள்ளூர் வழிகாட்டி, பத்து நாள். பாரோ என்ற ஊரில் விமானம் இறங்கிய அன்று மதியமே ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய் ஐபிஸ்பில்லைக் காட்டுவார்கள். அவள் தனியாகப் போவதாகத்தான் திட்டம். நான்தான், அதெப்படித் தனியாக, பாஸ்போர்ட்டை யார் பார்த்துக்கொள்வது, வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்றெல்லாம் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டேன். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஆற்றங்கரையில் வாயைத் திறக்கக்கூடாது. எதையும் நான் ஏற்பாடு செய்யக்கூடாது. படிவத்தை மட்டுமாவது நிரப்பித் தருகிறேன் என்று கெஞ்சினேன். பாவம் என்று விட்டுவிட்டாள்.

இங்கே எங்கள் பெயர்களைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தமிழர்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்கு வைத்த பெயர் முரளி. அப்பா பெயர் சண்முகசுந்தரம். ஊரில் எஸ். முரளியாக நிம்மதியாக இருந்தவன், அமெரிக்காவில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டதும் அப்பாவைத் தூக்கி வைத்தேன். அன்றிலிருந்து அரசாங்கக் காகிதங்களில் எல்லாம் நான் மிஸ்டர் சண்முகசுந்தரம். சுதாவின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் பின்னால் வந்தது. ஆகவே அவள் சுதா முரளி. ஒரே வீடு, ஒரே கட்டில், இரண்டு குடும்பப் பெயர்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குழுவில் உள்ள வேறு யாருக்காவது உங்கள் குடும்பப் பெயர் உண்டா? நான் பெருமையோடு யோசித்தேன். கேள்வியை அது கேட்டபடி புரிந்துகொள்வதுதானே என் தொழில். என் குடும்பப் பெயர் சண்முகசுந்தரம், அவளுடையது முரளி. ஆகவே இல்லை என்று குறித்தேன். அவளுடைய படிவத்திலும் அப்படியே. அறை பற்றிய கேள்விக்கு இரண்டு விடைதான் இருந்தது: தனி அறை, பகிர்ந்துகொள்ளும் அறை. இருவருக்கும் பகிர்ந்துகொள்ளும் அறை என்று குறித்தேன். யாரோடு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்று எத்தனையோ பேருக்கு விசா நேர்காணலுக்கு முன் பாடம் எடுத்தவன் நான்.

முதல் அடி டெல்லியிலிருந்து பாரோ போகும் விமானத்திலேயே விழுந்தது. சுதாவுக்கு இடது பக்கத்து ஜன்னல். எனக்கு வால் பகுதியில், கழிப்பறைக் கதவு திறக்கும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும் இடம். இடது பக்கம் பனிமலைகள் வரிசையாகத் தெரிந்தனவாம். நான் கழிப்பறை வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்து நிமிடம் விமானம் மலைகளின் இடுக்கில் ஷேர் ஆட்டோ மாதிரி வளைந்து வளைந்து புகுந்தபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, விமானம் இறங்கும்போது சுதாவின் கை என் கையில் இல்லை என்று உறைத்தது. (அவளுக்குப் பயம் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

கோயில் மண்டபத்தைப் போல வண்ணம் தீட்டிய அந்தச் சின்ன விமான நிலையத்துக்கு வெளியே எங்கள் வழிகாட்டி நின்றிருந்தார். அவர் பெயர் கர்மா. பூட்டானில் அது சாதாரணப் பெயர்தான், என் விஷயத்தில் கொஞ்சம் விசேஷமாகப் பொருந்தியது. முழங்கால் வரை வரும் அவர்கள் ஊர் அங்கி, கழுத்தில் பைனாகுலர், கையில் பெயர்ப் பட்டியல். அதில் சுதா 'மிஸ் முரளி'. நான் 'மிஸ்டர் சண்முகசுந்'. கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை.

மற்ற ஆறு பேரும் அமெரிக்கர்கள். அதில் இருவரைச் சொன்னால் போதும். டாரத்தி, எழுபது வயதுக்கு மேல், பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பார்வையில் வகுப்பையே அடக்கும் கண்கள். வால்டர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர், எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். கர்மா எல்லோருக்கும் சுதாவை அறிமுகப்படுத்தினார். தான் பார்க்க விரும்பும் பறவைகளை முன்கூட்டியே எழுதி அனுப்பியவர் மிஸ் முரளி ஒருவர்தான் என்றும், அந்தப் பட்டியலைப் பார்த்துத் தானே அசந்துபோனதாகவும் சொன்னார். எல்லோரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். சுதாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்று வருத்தப்படுவதற்குள், வழக்கம்போலக் கையை நீட்டி, "பாஸ்போர்ட்டைக் குடு" என்றேன்.

எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டுகளெல்லாம் என் இடுப்பில் கட்டிய பையில்தான் இருக்கும். சுதாவும் பழக்க தோஷத்தில் கொடுத்துவிட்டாள். ஆனால் டாரத்தியின் கண்ணுக்குப் பட்டது வேறு. முன்பின் தெரியாத ஒரு ஆள், தனியாக வந்த பெண்ணிடம் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறான். பிறகு அவளுடைய தோள்பையை அவனே திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து, தட்டையைக் கடித்துக்கொண்டே வேனுக்கு நடக்கிறான்.

சுதா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, தண்ணி பாட்டிலையும் எடுத்துக்கோங்க."

இந்த 'என்னங்க' என்ற சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் நாங்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு அறை வீட்டில் இருந்தோம். சுதா வந்திறங்கிய முதல் வாரம், நியூயார்க்கைக் காட்டுகிறேன் என்று ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ரயில் வந்தது. நான் வீறாப்பாக ஏறிவிட்டேன். அவள் செருப்பு வார் அறுந்து பிளாட்ஃபாரத்தில் நின்றுவிட்டாள். என் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால் இறங்கியிருப்பேன். அவர்கள் வீட்டில் கணவன் பெயரைச் சொல்லும் பழக்கம் இல்லை. 'என்னங்க' என்று கூப்பிடலாமென்றால், தமிழர்கள் நிறைந்த ஜர்னல் ஸ்கொயரில் பாதி பிளாட்ஃபாரம் திரும்பிப் பார்க்கும். ஆகவே அவள் கை தட்டினாள். நிலையத்தில் வாத்தியம் வாசிக்கும் யாருக்கோ கைதட்டுகிறார்கள் என்று நான் நினைத்தேன். கதவு மூடியது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்தபோது, ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக அதே இடத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. "என்னங்க, இப்படிப் போயிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். இருவரும் வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தோம். அந்த வீட்டில் சோஃபா கிடையாது, மேசை கிடையாது, காய்ந்த துணியை மடித்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்றைக்கும் ஜர்னல் ஸ்கொயரைத் தாண்டும்போது எனக்கு அந்தக் கைதட்டல் ஞாபகம் வரும். அதற்குப் பிறகும் அவள் ஒரு முறைகூட என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

பாரோவில் அந்த 'என்னங்க'வை டாரத்தி கவனமாகக் கேட்டு, நூலகருக்கே உரிய பொறுப்போடு மனதில் பதித்துக்கொண்டார். வேனில் ஏறியதும் சுதாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, என் முதல் பெயர் 'என்னங்க' என்பதுதானே, சரியாக உச்சரிக்கிறேனா என்று கேட்டார். நான் விளக்க வாயைத் திறந்தேன். சுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அமெரிக்கருக்கு 'என்னங்க'வை எப்படி விளக்குவது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கும்போதே, மிஸ் முரளியை முன்பே தெரியுமா என்று டாரத்தி அடுத்த கேள்வியைப் போட்டார். சுதா முந்திக்கொண்டு, ஆமாம், ஒரே ஊர் என்றாள். பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது.

விடுதியில் கர்மா அறைகளைப் படித்தார். மிஸ் முரளியும் டாரத்தியும் ஓர் அறை. மிஸ்டர் சண்முகசுந்தும் வால்டரும் ஓர் அறை. நான் பதறிப்போய், இதில் ஏதோ தவறு, மிஸ் முரளி என் அறையில்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முற்றத்தில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வால்டர்கூட இரண்டாம் முறை சொல்லக் கேட்கவில்லை. அவள் என் மனைவி என்ற அடுத்த வாக்கியம் என் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் சுதா, எல்லோரையும் பார்த்து அழகாகச் சிரித்தபடி, தமிழில் என்னிடம் பேசினாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு நாள். இன்னிக்கு ஒரு நாள் நான் யாரோட வொய்ஃபும் இல்லாம இருந்துக்கறேன். ஃபார்ம நீங்கதானே ஃபில் பண்ணீங்க? அப்படியே இருக்கட்டும்."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தைகளில் கேலி இல்லை. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. மன்னிக்கவும், என் தவறு என்று ஆங்கிலத்தில் முனகிவிட்டு, வால்டரின் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். டாரத்தி கர்மாவின் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. கர்மா என்னைப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒரு கிண்ணத்தில் காளான் வந்தது. எனக்குக் காளான் ஆகாது. இருபத்திரண்டு வருடமாக என் தட்டில் விழும் காளான் எல்லாம் சுதாவின் தட்டுக்குப் போய்விடும், நானும் யோசிக்க மாட்டேன், அவளும் யோசிக்க மாட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவளின் தட்டில் ஆறு காளானை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவளும் பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ மரங்கொத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே அத்தனையையும் சாப்பிட்டாள். டாரத்தி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் வேலை பார்த்த பள்ளிகளில் நான் படித்திருந்தால் அன்றோடு என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாப்பாட்டு மேசையில் நான் சுதாவை முதல்முறையாகத் தூரத்திலிருந்து பார்த்தேன். பேசினாள், கையை விரித்து ஏதோ பறவையின் இறக்கையைக் காட்டினாள், கர்மா சொன்னதை மறுத்தாள், கர்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து அவள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டு விருந்துகளில் அவள் சமையலறையில் இருப்பாள், நான் பேசுவேன். இவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் காதலாகவும் இருந்தது. பக்கத்தில் வால்டர் உப்பைக் கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் ஆற்றுக்குப் போனோம். பாரோ ஆறு அகலம் அதிகமில்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், இரு கரையிலும் சாம்பல் நிறக் கூழாங்கற்கள், மரங்களில் இளம் பச்சை. கர்மா கையசைத்து எல்லோரையும் நிறுத்தினார். முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, அக்கரைக் கற்களுக்கு நடுவே எதையோ தேடி, நிதானமாக நிமிர்ந்து சுதாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஐபிஸ்பில் இருந்தது. வெறுங்கண்ணுக்கு எனக்குக் கல்தான் தெரிந்தது.

கர்மா அவளைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். சுதா மற்றவர்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு வரிசையில் கடைசியாக நின்றாள். கடைசியாகப் பார்த்தால் அவசரப்படாமல் நெடுநேரம் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. லட்டில் முந்திரியை எடுத்து வைத்துக் கடைசியில் சாப்பிடுகிறவள் அவள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். டாரத்தி பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் முறை வந்தபோது நான் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டேன். எனக்கு வேறு யோசனை இருந்தது.

சுதா தன் பறவையைப் பார்க்கும் அந்த நொடியில் அவள் முகத்தைப் படம் எடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து செய்த அத்தனைக்கும் பரிகாரமாக அதை அவளுக்குக் கொடுக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது, அவ்வளவுதானே நிபந்தனை? படம் எடுக்கக்கூடாது என்று இல்லையே. அவள் முகம் தெரிய வேண்டுமென்றால் ஆற்றுப் பக்கம் போய் நிற்க வேண்டும். போனை உயர்த்திப் பிடித்தபடி, பின்பக்கமாக, ஒவ்வொரு கல்லாக இறங்கினேன். போனின் திரையில் சுதா கண்ணாடியைக் கழற்றினாள், தலையைச் சாய்த்துக் குனிந்தாள், விரலால் மங்கலைத் தெளிவாக்கும் திருகியைத் திருப்ப ஆரம்பித்தாள். இன்னும் ஒரே ஒரு கல் பின்னால் போனால் படம் அருமையாக விழும் என்று தோன்றியது.

விழுந்தது நான். பாசி படிந்த கல். மல்லாக்க விழுந்தேன். அந்த இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது, ஆனால் மல்லாக்கக் கிடப்பவனுக்கு முழங்கால் அளவு தண்ணீரே தாராளம். அதுவும் பனி உருகி வந்த தண்ணீர். மூச்சு அப்படியே நின்றுவிட்டது. ஆறு என்னை நாலைந்து அடி இழுத்துப் போனது. ஜாக்கெட் காற்றடைத்து உப்பிக்கொண்டது. கத்த வாயைத் திறந்தால் ஆறு உள்ளே வந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முரளி!"

பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. என் பெயர்தான். ஆனால் அந்தக் குரலில் அதைக் கேட்டதே இல்லாததால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் தண்ணீருக்குள்ளிருந்தே நினைத்தேன். மறுபடியும் கேட்டது. அக்கரையில் ஒரு கல் எழுந்து, இறக்கையில் வெள்ளைக் கோடு பளிச்சிட, கீச்சென்று கத்திக்கொண்டே ஆற்றின் மேலாகப் பறந்து வளைவில் மறைந்தது. நான் ஐபிஸ்பில்லைப் பார்த்தது அப்படித்தான், மல்லாந்து கிடந்தபடி. அவள் பார்க்கவில்லை. அவள் கற்களின் மேல் ஓடி வந்துகொண்டிருந்தாள், அவள் கண் என் மேல் இருந்தது.

கர்மாவும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைக் கரையேற்றினார்கள். நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சுதா தன் சால்வையால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டினாள் என்பதைவிட, தலையைக் கழற்றி எடுக்கப் பார்த்தாள் என்று சொல்லலாம். துவட்டிக்கொண்டே திட்டினாள். அறிவிருக்கிறதா, நீச்சல் தெரியுமா, உங்களை யார் அங்கே போகச் சொன்னது என்று தமிழில் வரிசையாக வந்தது. நடுநடுவே மூக்கை உறிஞ்சினாள்.

டாரத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மிஸ்டர் என்னங்க தண்ணீரில் விழுந்தபோது மிஸ் முரளி எதற்காகத் தன்னுடைய குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தினார்?

பற்கள் தந்தியடிக்க நானே விளக்கினேன். முரளி என்பது நான். சண்முகசுந்தரம் என்பது என் அப்பா. இவள் என் மனைவி. என்னங்க என்பது பெயரே இல்லை, மரியாதையாகக் கணவனைக் கூப்பிடுவது. டாரத்தி, அப்படியென்றால் இருபத்திரண்டு வருடமாக இந்தப் பெண் வீட்டுக்குள் உங்களை 'ஐயா, கொஞ்சம் கேளுங்கள்' என்று கூப்பிடுகிறாளா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். கர்மா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. பூட்டானிலும் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாதாம். அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டாதாம். நீங்கள் கணவன் மனைவியாக இருக்கக்கூடும் என்று காளான் சாப்பிடும்போதே நினைத்தேன், கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன் என்றார்.

அப்போதுதான் இடுப்புப் பை ஞாபகம் வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் ஊறிப்போயிருந்தன. விடுதிக்குத் திரும்பியதும் சுதா சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சிவப்பரிசி வாங்கி, இரண்டையும் அதில் புதைத்து வைத்தாள். ஈரமான போனுக்கு எங்கள் வீட்டில் செய்கிற வைத்தியம். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தபோது எங்கள் இருவர் படத்திலும் லேசான சிவப்பு ஏறியிருந்தது. தன்னுடையதைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பாஸ்போர்ட் அவளிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ அதைப் பார்த்துவிட்டாயா என்று பயந்துகொண்டே கேட்டேன். "மங்கலா ஏதோ சாம்பல் கலர் தெரிஞ்சது. அது கணக்குல வராது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசி நாள் மறுபடியும் அதே இடத்துக்குப் போனோம். மேலே எங்கோ மழை பெய்து ஆறு பழுப்பாகக் கரைபுரண்டு ஓடியது, ஒரு கல்லும் வெளியே தெரியவில்லை. பத்து நாளில் நோட்டுப் புத்தகத்தில் எத்தனையோ பறவைகள் ஏறின. ஐபிஸ்பில் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வரிக்கு எதிரே மட்டும் வெறுமையாக விட்டுவிட்டாள்.

(அறையை மாற்றிக்கொள்ளலாமே என்று கர்மா கேட்டார். வேண்டாம் என்றாள் சுதா. டாரத்தி அவளைப் போலவே விடிவதற்கு முன் எழுந்துகொள்கிறாராம். பத்து நாளும் நான் வால்டரோடுதான் இருந்தேன். இப்போது தினமும் பல் இடுக்கில் நூல் போட்டுத் தேய்க்கிறேன்.)

வீட்டுக்கு வந்து நிலாவிடம் சொன்னபோது அவள் சோஃபாவிலிருந்து கீழே விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நான் எதிலாவது அளவுக்கு மீறி மூக்கை நுழைத்தால் அவள், "மிஸ்டர் சண்முகசுந், ப்ளீஸ்" என்பாள். அதோடு அடங்கிவிடுவேன். பொங்கல் விருந்துப் பட்டியலை இப்போதும் நான்தான் தயாரிக்கிறேன். அதில் 'சுதா - சாம்பார் சாதம்' என்று இருக்கும். போன வருடம் சுதா அதைப் பார்த்துவிட்டு, சாம்பார் சாதத்தையும் அடித்து என் பெயருக்கு நேரே எழுதிவிட்டாள்.

வருகிற வசந்தத்தில் அவள் மறுபடியும் பூட்டான் போகிறாள். தனியாக. படிவத்தை அவளே நிரப்பினாள். நான் காபி கொடுக்கும் சாக்கில் பின்னால் நின்று பார்த்தேன். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டி என் பெயரை எழுதினாள். எழுதுவதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

டிசம்பர் பிறந்தால் டாரத்தியிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். விஷயமெல்லாம் தெரிந்த பிறகும், உறையின் மேல் ஒவ்வொரு வருடமும் சுதா முரளி என்றும் அதற்குக் கீழே மிஸ்டர் என்னங்க என்றும்தான் எழுதுகிறார். இந்த வருடத்து அட்டை வந்த அன்று சுதா டெக் கதவருகே நின்று பைனாகுலரில் தீனிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, மிஸ்டர் என்னங்கவுக்கு லெட்டர் வந்திருக்கு, டேபிள் மேல இருக்கு" என்றாள், கண்ணை எடுக்காமல்.

நான் உறையைப் பிரித்துக்கொண்டே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னிக்கு ஆத்துல கூப்பிட்ட மாதிரி இன்னொரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடேன்."

அவள் பைனாகுலரை இறக்கவில்லை.

"அன்னிக்கு நீங்க போயிட்டிருந்தீங்க, கூப்பிட்டேன். இப்ப பக்கத்துலதானே இருக்கீங்க? எதுக்குப் பேரு?"

அட்டையைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், அவளுடைய அந்தச் சாம்பல் பறவையின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.